மான் தின்ற கீரை

வியாழக்கிழமை விடிகிற நேரம், பள்ளிச் சமையலறைப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுப் புவாலை எழுந்தாள். நாயாக இருக்கும் என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே ஒரு காட்டு மான் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் அவள் தோட்டத்திலிருந்து அறுத்து வந்து குவித்து வைத்திருந்த கடுகுக் கீரையில் முகத்தைப் புதைத்து, ஏதோ தனக்கென்று பரிமாறி வைத்த மாதிரி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மான்தான் முதலில் சுதாரித்தது. குவியலில் மிச்சம் இருந்ததை மிதித்துத் துவைத்து, குடத்தைத் தள்ளிவிட்டு, புவாலையின் முழங்கையை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வந்த வழியே பின்பக்கமாகப் போயிருந்தால் விஷயம் அவளோடு போயிருக்கும். அந்தப் பாழாய்ப்போன மான் ஊரின் நடுத்தெருவைத் தேர்ந்தெடுத்தது. நாய்கள் குரைக்க, கோழிகள் பறக்க, பல் துலக்கிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் வாயில் நுரையோடு பார்க்க, அது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. போகிற போக்கில் ஊர்ப் பூசாரி தா பியங் வீட்டின் தூண்களுக்கு நடுவே புகுந்து வெளிவந்து, ஊரின் முன்வாசல் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் மறைந்தது.

தா பியங் ஏணிப்படியில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்கு அடியில் மான் போனதை அவரே பார்த்துவிட்டார். பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

காட்டு மிருகம் ஊருக்குள் கால் வைத்தால் ஊரைச் சாத்த வேண்டும். பான் ஹுவாய் லோங் என்ற அந்த மலையூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. சூரியன் மரத்தின் மேலே வருவதற்குள் இரண்டு பேர் மூங்கிலைச் சீவி நட்சத்திரம் பின்னி, முன்வாசலில் ஒன்றும் பின்வாசலில் ஒன்றுமாகக் கட்டிவிட்டார்கள். இனி மறுநாள் விடியும் வரை வெளியாள் உள்ளே வரக் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது. உரல் சத்தம் கேட்கக் கூடாது. வெளியிலிருந்து பச்சை இலை என்று எதுவும் வாசலைத் தாண்டி வரக் கூடாது, ஒரு கொத்தமல்லித் தழைகூட.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவது அன்றைக்கு மத்தியானம். புவாலை அடுப்பு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷமாகப் பாலர் பள்ளியின் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று பருப்பும் எண்ணெயும் டின் மீனும் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்தோடு அவர்கள் கிளம்புகிறார்கள். இனி மாவட்ட அலுவலகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறோம், ஆனால் ஒன்று என்று அங்கிருந்து கடிதம் வந்திருந்தது: ஊர் மண்ணில் விளைந்ததை வைத்தே ஊர் சமைத்துக் காட்ட வேண்டும், எதை ஏன் சாப்பிடுகிறோம் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் சமையலறை நடக்கும், இல்லையென்றால் பூட்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்களில் ஏற்கெனவே பூட்டு தொங்கியது.

மற்றவர்களுக்கு அது சமையலறை. புவாலைக்கு அது அவளுடைய கடைக்குட்டி. அந்தப் பெண்ணை ஊரே லா என்றுதான் கூப்பிடும். இரண்டு வயதில் லா உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். நிற்க வைத்தால் கால் மடங்கும். அழக்கூட மாட்டாள், அதுதான் பெரிய பயம். மலைச்சரிவில் நெல் விதைக்கவும் களை எடுக்கவும் போகிறவர்கள் வீட்டில் கூடை நிறையக் கையில் ஒட்டும் பிசுக்கரிசிச் சோறு இருக்கும், தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல் இருக்கும், வயிறும் நிறைந்துவிடும். வயிறு நிறைந்த பிள்ளை எப்படி இளைக்கும் என்று யாருக்கும் புரியவில்லை. அப்போதுதான் சந்தோன் டீச்சர் மூன்று நிறம் போட்ட ஒரு பட்டையோடு வந்து குழந்தைகளின் கையைச் சுற்றி அளந்தாள். லாவின் கையில் அது சிவப்பில் போய் நின்றது. சிவப்பு என்றால் சத்துக் குறைந்து உயிருக்கே ஆபத்து, பச்சைக்கு வந்தால்தான் நல்லது என்றாள் டீச்சர். புவாலை மறுநாளே போய்ச் சமையலறையில் சேர்ந்துகொண்டாள். பூசணியும் முட்டையும் வேர்க்கடலையும் கீரையுமாக ஒவ்வொரு மத்தியானமும் ஒரு வாய்க்கு ஒரு பாட்டுப் பாடி ஊட்டினாள். ஆறு மாதத்தில் லா நடந்தாள், ஒரு வருஷத்தில் ஓடினாள். இப்போது நாலரை வயது. அவள் வாயை மூட வைப்பதுதான் பெரிய பாடு.

இந்த வருஷம் புதிதாக வந்த ஐந்து குழந்தைகளின் கை இன்னும் பச்சைக்கு வரவில்லை. பூட்டு விழுந்தால் அந்த ஐந்தும் என்ன ஆகும் என்பது புவாலைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை.

அந்தச் சமையலறைக்கு மானைக் கூட்டி வந்தது அவளேதான்.

தோட்டம் ஊரின் பின்வாசலுக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். விருந்தாளிகள் கண்ணுக்கு மலை மாதிரி தெரியட்டும் என்று நேற்றுச் சாயங்காலம் தோட்டத்தையே மொட்டையடித்துவிட்டாள். கூடச் சமைக்கும் நோம், இவ்வளவு எதுக்கு, கல்யாணமா என்று கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிச் சுமையை அவள் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். லா பின்னால் ஒரு சின்னக் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்வாசலில் குறுக்கே மாட்டும் தடிமூங்கிலைத் தூக்கி மாட்டக் கை ஒழியவில்லை. கீரையை வைத்துவிட்டு வந்து மாட்டலாம் என்று போனவள்தான். மறந்தே போனாள்.

தெருவில் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. சமையலறை வந்ததிலிருந்துதான் ஊருக்கு ஒவ்வொன்றாக வருகிறது என்றார் ஒருவர். போன வருஷம் எலி வந்தது, இந்த வருஷம் மான், அடுத்த வருஷம் புலியா என்றார் இன்னொருவர். புவாலையின் புருஷன் கம்சோன் வாயைத் திறக்கவே இல்லை. அவனுக்குப் பூசாரி பெரியப்பா முறை. ரெண்டு பக்கமும் பேச முடியாத ஆள். புவாலையும் சொல்லவில்லை. நான்தான் வாசலைத் திறந்து போட்டேன் என்று சொன்னால், சமையலறைக்காரியாலேயே வந்தது என்று ஆகிவிடும். அப்புறம் அதிகாரி பூட்ட வேண்டியதில்லை, ஊரே பூட்டிவிடும்.

அதிகாரியிடம் சொல்லித் தேதியை மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன் எடுப்பது மலை முகட்டில் மட்டும்தான். அது வாசலுக்கு வெளியே. சந்தோன் டீச்சர் அதிகாரியைக் கூட்டிவர நேற்றே மாவட்ட ஊருக்குப் போய்விட்டாள்.

நோம் வந்தாள். சமையலறையில் மிதிபட்டுக் கிடந்த காம்புகளைப் பார்த்தாள். புவாலையின் முகத்தையும் பார்த்தாள். நோமுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"எந்திரி. ஒப்பாரி வெச்சா பானை நிறையுமா? உள்ள என்ன இருக்குன்னு பாரு முதல்ல."

உள்ளே இருந்தது கொஞ்சமில்லை. வீட்டுப் பரண்களில் பூசணிக்காய் அடுக்கியிருந்தது. நோம் வீட்டில் வேர்க்கடலை, இன்னொரு வீட்டில் காய்ந்த காளான், ஓடை மீன் கருவாடு, சேப்பங்கிழங்கு. முட்டை கேட்டுத் தெருவில் நடந்ததும், சமையலறையைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷனின் பெண்டாட்டியே ஏழு முட்டையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த ஆளிடம் சொல்லாதே என்றாள். சோறு எப்போதும்போல ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து சின்னக் கூடையில் கொண்டுவரும். மஞ்சள் இருந்தது, வெள்ளை இருந்தது. பச்சைதான் இல்லை.

பச்சை இல்லாமல் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பீர்கள். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அந்தக் குழந்தைகள் மஞ்சள், வெள்ளை, பச்சை என்று சாப்பாட்டின் மூன்று நிறம் பாடி, மூன்று நிறம் காட்டி, தட்டில் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைப்பார்கள். கடிதம் கேட்டதும் அதைத்தான். பச்சை இல்லாத தட்டை வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் இருபத்தாறு குழந்தைகள் உட்கார்ந்தால், அவர் எதுவும் கேட்க வேண்டாம். குழந்தைகளே எழுந்து புகார் சொல்லும். லா முதலில் சொல்லுவாள்.

அந்த லாதான் அப்போது பள்ளி முற்றத்தில் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். புவாலை அந்தப் பக்கம் தற்செயலாகத் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

முற்றத்தில் விமானக் குண்டின் இரும்பு ஓடுகள் இரண்டைத் தொட்டி மாதிரி கால் வைத்து நிறுத்தியிருந்தார்கள். பாட்டன் காலத்துச் சண்டையில் வானத்திலிருந்து விழுந்தவை. ஊரில் எல்லார் வீட்டிலும் பன்றிக்குத் தீவனம் போட இப்படி ஒன்று உண்டு. பள்ளியில் இருந்த இரண்டிலும் மண்ணை நிரப்பி, விதை எப்படி முளைக்கிறது என்று காட்டுவதற்காகச் சந்தோன் டீச்சர் குழந்தைகளை வைத்து வள்ளைக் கீரை போட்டிருந்தாள். குழந்தைகள் ஆளுக்கொரு டப்பா தண்ணீர் ஊற்றி ஊற்றி அது முழங்கை உயரம் தளதளவென்று நின்றது. அது பாடத்துக்கான கீரை. யாரும் அதைச் சமையலுக்கு என்று நினைத்ததில்லை. தினமும் பார்ப்பதால் கண்ணிலேயே படவில்லை.

புவாலை அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். லா ஓட்டின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் சொல்லாமல் வெட்டக் கூடாதாம். மற்ற பொடிசுகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டாம்; இது என்னுடையது, அது அவனுடையது, கோணலாக இருப்பது பள்ளியில் வளர்த்துச் செத்துப்போன முயலுடையது. புவாலைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, காம்பை விட்டு மேலே மட்டும் அறுத்தால் பத்து நாளில் திரும்பத் தழைக்கும் என்று சத்தியம் பண்ணினாள். யாருடையது எது என்று அவர்களே பிடித்துக் கொடுக்கட்டும், முயலுடையதை அப்படியே விட்டுவிடலாம் என்றாள். கூடி ஆலோசித்துச் சம்மதித்தார்கள்.

அதற்குள் தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஊர் சாத்தின நாளில் பச்சையை அறுப்பதா என்று ஒருவர் குரலை உயர்த்தினார். யாரோ போய்ப் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். தா பியங் மெதுவாக வந்தார். குண்டு ஓட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். புவாலை அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இது எப்போ உள்ள வந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி மாமா. விதையா வந்துச்சு."

"விதை என்ன நிறம்?"

"கறுப்பு," என்று லா முந்திக்கொண்டாள். "எலிப் புழுக்கை மாதிரி இருந்துச்சு தாத்தா. நான்தான் குழி தோண்டினேன்."

தா பியங் நிமிர்ந்தார். வெளியிலிருந்து பச்சை வரக் கூடாது என்பதுதான் சட்டம். இங்கேயே முளைத்ததை யார் கொண்டுவந்தது என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். அவரே தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நாலடி போய் நின்று, "உப்புக் கம்மியாப் போடுங்க, போன தடவை வாயில வைக்க முடியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புவாலைக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பாதி மூச்சுதான். மீதியை வாசலுக்கு வெளியே வரப்போகிற ஜீப் வைத்திருந்தது.

ஜீப் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தது. மாவட்டத்து மணிவோன் அம்மாள் சமவெளிக்காரி. விறைப்பான பாவாடை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டை வைத்த காகிதக் கட்டு. அவளோடு சந்தோன் டீச்சர் இறங்கினாள். மூங்கில் நட்சத்திரத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் புவாலையும் நோமும் கும்பிட்டபடி நின்றார்கள். புவாலை நேற்று முழுக்க மனப்பாடம் பண்ணின வரவேற்பு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மேடம், ஊரைச் சாத்திருக்கு. நாளைக்கு விடியற வரைக்கும் நீங்க உள்ள வர முடியாது. நாங்களும் வெளிய வர முடியாது. ஆனா சாப்பாடு தயாரா இருக்கு," என்றாள்.

மணிவோன் நட்சத்திரத்தைப் பார்த்தாள். பிறகு தான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மணிநேரம் இடுப்பை முறித்த பாதை அது. திரும்பிப் போய், ஊர் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் அவள் வேலை முடிந்தது. யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். புவாலை அவள் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிவோன் சுற்றிலும் பார்த்து, வாசலுக்கு வெளியே கிடந்த ஒரு கல்லைத் துணியால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் வர முடியாது. சரி. பானை வரலாம்ல வாசல் வரைக்கும்?"

பானை வந்தது. பாய் வந்தது. இருபத்தாறு குழந்தைகளும் வேலிக்கு உள்ளே வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்க்க ஊர் முழுக்க வந்து பின்னால் நின்றது. தா பியங்கும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழந்தைகள் மூன்று நிறப் பாட்டைப் பாடினார்கள். பூசணியைக் காட்டி, முட்டையைக் காட்டி, கீரையைக் காட்டும்போது ஒருவன் எழுந்து, அது என்னுடைய தண்டு என்று தெரிவித்தான்.

அதிகாரி ருசி பார்க்க வேண்டும் என்று காகிதத்தில் ஒரு வரி இருந்தது. கிண்ணம் வெளியே போகலாம், ஆனால் வெளியாள் வாய் வைத்தது திரும்ப உள்ளே வரக் கூடாது. நோம் ஒரு மூங்கில் குழாயை நறுக்கிக் குழம்பை ஊற்றி நீட்டினாள். குழாயை வீட்டுக்கே எடுத்துப் போங்கள் மேடம், பேனா வைக்க ஆகும் என்றாள். மணிவோன் சிரிக்கவில்லை. குடித்தாள். மறுபடியும் குழாயை நீட்டினாள். அந்த இரண்டாவது ஊற்றுதான் அன்றைக்கு நடந்த முதல் நல்ல விஷயம் என்று புவாலை பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேள்விகள். கீரை எதற்குச் சாப்பிடுகிறோம் என்று வேலிக்கு மேலாகக் கேட்டாள். நோயிலிருந்து உடம்பைக் காப்பது பச்சை என்று ஒரு பெண் பாடம் மாறாமல் ஒப்பித்தாள். காலையில் வெளிக்குப் போவது சுலபமாக இருக்கும் என்றான் இன்னொருவன். ஊரே சிரித்தது. மணிவோனின் உதடும் லேசாக அசைந்தது. அப்போது லா எழுந்து நின்றாள். புவாலை கண்ணால் அதட்டினாள். பலனில்லை.

"கீரை தின்னா மான் மாதிரி ஓடலாம். இன்னைக்குக் காலைல பார்த்தேன்."

"எந்த மான்?" என்றாள் மணிவோன்.

"சமையல்கட்டுல வந்த மான். எங்க அம்மா நேத்து பின்வாசல் மூங்கிலை மாட்டல. கையில கீரை இருந்துச்சு. அதான் மான் வந்து எல்லாத்தையும் தின்னுட்டு ஓடிப்போச்சு. அதான் ஊரைச் சாத்திட்டாங்க."

சிரிப்பு நின்றது. ஊர் முழுக்கப் புவாலையைப் பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு. ஏதாவது ஒரு பொய் இருக்கிறதா என்று தேடினாள். நாலரை வயதுப் பெண் நடுவில் நின்று சொன்ன பிறகு எந்தப் பொய் எடுபடும்? அதுவும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"உண்மைதான் மேடம். உங்க கண்ணுக்குப் பெருசாத் தெரியணும்னு தோட்டத்தையே அறுத்துட்டேன். கை ஒழியல, வாசலை மறந்துட்டேன். தப்பு என்னுது. சமையல்கட்டு மேல போட்டுடாதீங்க," என்றாள். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொன்னாள்.

யாரோ முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தா பியங் முக்காலியிலிருந்து எழுந்திருக்காமலே பேசினார்.

"எனக்குக் காலையிலயே தெரியும். மூங்கில் கீழ கிடந்துச்சு. எடுத்து மாட்டினதே நான்தான். எங்க வீட்டு மருமக, கூப்பிட்டுத் திட்டிக்கலாம்னு விட்டேன். இப்போ எல்லார் முன்னாடியும் அவளே திட்டிக்கிட்டா. எனக்கு வேலை மிச்சம்."

முணுமுணுப்பு அதோடு அடங்கியது. மணிவோன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து நிறுத்தினாள். சந்தோன் டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஓடையைச் சுத்தி வர்ற வழியில உங்க தோட்டத்தைப் பார்த்தேன்," என்றாள் மணிவோன். "மொட்டையா இருந்துச்சு. தோட்டமே போடாம ஏமாத்தறாங்கன்னுதான் நினைச்சேன். இந்தக் காகிதத்துல கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்கு. வெளியில இருந்து ஒண்ணும் வராத நாள்ல இந்தச் சமையலறை என்ன செய்யும்? இதுவரைக்கும் பன்னெண்டு ஊர் போயிட்டேன். எல்லாரும் சமாளிச்சுக்குவோம்னாங்க. நானும் அதையே எழுதிட்டு வந்தேன், என்ன பண்றது, கண்ணால பார்க்க முடியுமா? இன்னைக்குப் பார்த்துட்டேன்."

அவள் எழுதினாள். நிறைய எழுதினாள். எழுதி முடித்துக் காகிதத்தை வேலிக்கு மேலாக நீட்டி, சமையல் பொறுப்பாளர் கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினாள். பாலர் பள்ளிச் சமையலறை தொடர்ந்து நடக்கலாம் என்று அதில் எழுதியிருந்ததை நோம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒருமுறை படித்தது போதாதென்று மறுபடி உரக்கப் படித்தாள். புவாலை கையெழுத்துப் போட்டாள். அவள் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள், ஒளிக்கவும் இல்லை.

கடைசியாகச் சில குழந்தைகளின் கையை அளக்க வேண்டியிருந்தது. சந்தோன் டீச்சர் பட்டையை எடுத்தாள். கையை வேலிக்கு வெளியே நீட்டலாமா என்று தா பியங்கைக் கேட்டார்கள். கை போகலாம், கால் போகக் கூடாது என்றார். புதிதாக வந்த ஐந்து பேரில் மூன்று பேர் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே வந்திருந்தார்கள். லா தன் கையைத் தோள் வரை வெளியே விட்டாள். பட்டை பச்சைக்குள் நன்றாகப் போய் நின்றது. டீச்சர் அதைக் கழற்றி மறுபடியும் சுற்றிப் பார்த்தாள். அதே பச்சை.

ஜீப் கிளம்பும்போது மணிவோன் மூங்கில் குழாயை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். சந்தோன் டீச்சர் அன்றிரவு ஓடையைத் தாண்டி இருக்கும் அடுத்த ஊரில் தங்குவதாகச் சொல்லிப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் நட்சத்திரங்களை அவிழ்த்துவிட்டார்கள். புவாலை லாவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தோட்டத்துக்குப் போனாள். அறுத்த கடுகுக் கீரை அடிக்கட்டைகளில் சின்னதாகத் துளிர் விட்டிருந்தது, அதைத் தொடவில்லை. வேலியோரம் படர்ந்த பூசணியின் கொழுந்து நிறைய இருந்தது. மத்தியானத்துக்கு அது போதும். பறித்துப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். பின்வாசலுக்கு உள்ளே வந்த பிறகுதான் பார்த்தாள், நேற்று முன்தினம் மாதிரியே இரண்டு கையும் நிறைந்திருந்தது. கீரையைக் கீழே போட்டுவிட்டு மூங்கிலை மாட்டலாம் என்று குனிந்தாள்.

"நீ போம்மா. நீ மறந்துடுவே," என்றாள் லா.

அந்த மூங்கில் லாவின் தொடையை விடத் தடி. அவள் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வயிற்றில் முட்டுக்கொடுத்தாள். முகம் சிவந்தது. இரண்டடி பின்னால் தள்ளாடினாள். புவாலை உதவிக்கு ஓடப்போய், ஓடாமல் நின்றாள். லா மூங்கிலை முதலில் ஒரு கொக்கியில் மாட்டி, சுற்றிப் போய் மறுமுனையைத் தூக்கி அடுத்த கொக்கியிலும் மாட்டினாள். அசைத்துப் பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு முன்னால் ஓடினாள்.